மெலிந்தவருக்கும் மாரடைப்பு வரும்

(பினாங்கு, ஜார்ஜ் டவுனில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



செபராங் பிறையிலிருந்து படகிலும் பாலத்தின் வழியாகவும் கடலைக் கடந்து இந்நகருக்கு வந்திருக்கிறீர்கள். ஓய்வு நாளை விட்டுக்கொடுத்து வந்த உங்களை வெறும் வாழ்த்துரையோடு அனுப்பிவைக்க எனக்கு மனமில்லை. நம் சமுதாயத்தில் பல குடும்பங்களின் விளக்கை நேரத்திற்கு முன்பே அணைத்துவிடும் ஒரு நோயைப் பற்றிப் பேச விரும்புகிறேன். மாரடைப்பே அந்நோய்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1993ஆம் ஆண்டில் அவருக்கு வயது 52. எனக்கு வயது 12. ஒருநாள் விடியற்காலையில் நெஞ்சில் ஏதோ அழுத்துவதாகச் சொன்னார். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. "வாயுதான், சரியாகிவிடும்" என்றார். அம்மா இஞ்சியும் பூண்டும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். பக்கத்து லயத்துப் பெரியம்மா வந்து எண்ணெய் தேய்த்துவிட்டார். சற்றுத் தேவலை என்று சொல்லி, உளியை எடுத்துக்கொண்டு நிரைக்குப் போய்விட்டார். பால் எடுக்கும் நேரத்தில் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

துக்கத்திற்கு வந்தவர்கள் அன்று திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. "ஒல்லியான மனுஷன். உடம்பில் கொழுப்பே கிடையாதே. இவருக்கு எப்படி மாரடைப்பு?" என்றார்கள். அந்தக் கேள்விக்கு அன்று எங்களில் எவருக்கும் பதில் தெரியவில்லை. இன்று மருத்துவம் அதற்குப் பதில் கண்டுவிட்டது. அந்தப் பதிலைத்தான் உங்கள் முன் வைக்கப்போகிறேன்.

நம்மவரைப் பற்றி வந்த முதல் எச்சரிக்கை

இந்தியருக்கு இருதய நோய் மிகுதி என்பது புதிய செய்தியன்று. டாக்டர் டி. ஜே. தனராஜ் என்ற பெயரை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவராக இருந்தவர் அவர். அப்புலத்தின் மருத்துவ நூலகம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. அவரும் அவருடைய சகாக்களும் சிங்கப்பூரில் நடந்த ஆயிரக்கணக்கான பிரேதப் பரிசோதனைகளின் குறிப்புகளை ஆராய்ந்து, 1959ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே ஊரில், ஒரே வெயிலில், ஒரே சந்தைப் பொருளை வாங்கி வாழ்ந்த மக்களிடையே, இருதய இரத்தக் குழாய் நோய் சீனரைவிட இந்தியரிடம் பல மடங்கு அதிகமாகக் காணப்பட்டது என்பதே அதன் முடிவு.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த எச்சரிக்கை பழையதாகிவிடவில்லை. 2022ஆம் ஆண்டில் மலேசியாவில் மருத்துவரால் உறுதி செய்யப்பட்ட மரணங்களில் 100க்கு 16 மரணங்கள் இருதய இரத்தக் குழாய் நோயால் நேர்ந்தவை. மரணக் காரணங்களின் பட்டியலில் அதுவே முதலிடம் பெற்றது. சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்வில், வயது வந்தோரில் 100க்கு 38 பேருக்கு இரத்தத்தில் கொலஸ்டரால் மிகுந்திருந்தது. அந்த 38 பேரில் 13 அல்லது 14 பேருக்கே அது முன்பே தெரிந்திருந்தது. மற்ற 24 பேரும், அதாவது பெரும்பான்மையோர், எதுவும் அறியாமலே நடமாடிக்கொண்டிருந்தார்கள். அதே ஆய்வில் நாட்டு மக்களில் 100க்கு 18 பேருக்கு இனிப்புநீர் இருப்பதாகத் தெரிந்தது. இந்தியரிடையே அது 100க்கு 31 பேராக இருந்தது. இனிப்புநீரும் இருதய நோயும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதைச் சற்றுப் பொறுத்து விளக்குகிறேன்.

பாலைப் பார்த்தால் கொலஸ்டரால் புரியும்

கொலஸ்டரால் என்றவுடன் அதை ஒரு விஷம் என்று எண்ணிவிடக் கூடாது. அது மெழுகு போன்ற ஒரு கொழுப்புப் பொருள். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவின் சுவரிலும் அது இருக்கிறது. உணவைச் செரிக்க உதவும் பித்தநீர் அதிலிருந்தே உண்டாகிறது. ஆண்மைக்கும் பெண்மைக்கும் உரிய சுரப்புகளும், வெயில் படும்போது தோலில் உண்டாகும் டி வைட்டமினும் அதிலிருந்தே பிறக்கின்றன. அது இல்லாமல் உயிர் வாழ முடியாது. அதனால்தான் உடல் உணவை மட்டும் நம்பியிராமல், தனக்கு வேண்டிய கொலஸ்டராலில் பெரும்பகுதியைத் தானே செய்துகொள்கிறது. அந்த வேலையில் முதலிடம் கல்லீரலுக்கு.

கொலஸ்டரால் கொழுப்பு, இரத்தமோ பெரும்பாலும் நீர். நீரில் எண்ணெய் கரையாது என்பது சமையலறையில் நிற்கும் ஒவ்வொரு தாய்க்கும் தெரியும். அப்படியானால் கொழுப்பு இரத்தத்தில் எப்படிப் பயணம் செய்கிறது? இதை விளக்க உங்கள் மங்கில் இருக்கும் பாலைவிடச் சிறந்த உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ரப்பரும் நீரில் கரையாது. ஆனாலும் மரத்திலிருந்து வடியும் பால் தண்ணீர்போல் ஓடுகிறது. காரணம் என்ன? பாலில் உள்ள ரப்பர், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளிகளாக இருக்கிறது. ஒவ்வொரு துளியையும் புரதமும் ஒருவகைக் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய உறை போர்த்தியிருக்கிறது. அந்த உறை இருக்கும்வரை துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்கின்றன. அமிலம் ஊற்றினால் உறையின் காவல் கெடுகிறது, துளிகள் ஒட்டிக்கொள்கின்றன, பால் உறைந்து கட்டியாகிறது.

நம் இரத்தத்திலும் கல்லீரல் இதே முறையைத்தான் கையாளுகிறது. கொழுப்பைச் சிறு துளிகளாக்கி, புரதமும் கொழுப்பும் கலந்த உறை போர்த்தி அனுப்புகிறது. உடலெங்கும் கொலஸ்டராலைக் கொண்டுசெல்லும் துளிக்கு எல்.டி.எல். என்று பெயர். அதையே டாக்டர்கள் 'கெட்ட கொழுப்பு' என்கிறார்கள். மிஞ்சிய கொலஸ்டராலைத் திரும்பக் கல்லீரலுக்குக் கொண்டுவரும் துளி எச்.டி.எல். இதுவே 'நல்ல கொழுப்பு'. டிரைகிளிசரைடு என்று மூன்றாவதாக ஒன்றும் இரத்தச் சோதனைத் தாளில் எழுதியிருப்பார்கள். அது உடல் எரிபொருளாகச் சேர்த்து வைக்கும் சாதாரணக் கொழுப்பு.

இரத்தத்தில் மிதக்கும் எல்.டி.எல். துளிகளைத் திரும்பப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கல்லீரலின் அணுக்களில் சிறு வாசல்கள் உண்டு. இந்த வாசல்களைக் கண்டுபிடித்தவர்கள் மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள். 1985ஆம் ஆண்டில் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. வாசல்கள் நிறையத் திறந்திருந்தால் இரத்தம் தூய்மையாக இருக்கும். வாசல்கள் குறைந்தால் எல்.டி.எல். வெளியே தேங்கும். சிலருக்குப் பிறவியிலேயே வாசல்கள் குறைவு. அத்தகைய குடும்பங்களில் நாற்பது வயதிற்குள்ளேயே மாரடைப்பு வருவதுண்டு. மற்றவர்களுக்கு உணவில் சேரும் ஒருவகைக் கொழுப்பு அந்த வாசல்களைக் குறைத்துவிடுகிறது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

குழாய் அடைபடுவது எவ்வாறு?

இருதயம் ஓயாமல் உழைக்கும் தசை. அதற்கு இரத்தம் ஊட்டும் குழாய்களின் அகலம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். குழாயின் உட்சுவர் பட்டுப்போல் வழவழப்பானது. உயர்ந்த இரத்த அழுத்தம், சிகரெட்டுப் புகை, இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை ஆகியவை அந்த வழவழப்பைக் கெடுக்கின்றன. எல்.டி.எல். மிகுந்திருக்கும்போது அத்துளிகள் சுவருக்குள் நுழைந்து தங்கிக் கெட்டுப்போகின்றன. அவற்றை அப்புறப்படுத்த வரும் வெள்ளை அணுக்கள் கொழுப்பை விழுங்கி விழுங்கி நுரைபோல் உப்பி, அங்கேயே மடிந்து கிடக்கின்றன. அவற்றின் மேல் ஒரு தழும்பு மூடிக்கொள்கிறது. இப்படி ஆண்டுக்கணக்கில் சுவர் தடிக்கிறது.

இதை முதலில் சோதனையில் காட்டியவர் ரஷ்ய நாட்டு மருத்துவர் அனிச்கோவ். 1913ஆம் ஆண்டில் அவர் முயல்களுக்குக் கொலஸ்டராலை ஊட்டி, அவற்றின் இரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவதைக் கண்டார். மனிதரிடம் இது எந்த வயதில் தொடங்குகிறது? கொரியப் போரில் மாண்ட 300 அமெரிக்கப் போர்வீரர்களின் இருதயங்களை மருத்துவர்கள் பரிசோதித்து, 1953ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அவ்வீரர்களின் சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேரின் குழாய்களில் நோயின் அடையாளம் அப்போதே இருந்தது. ஐம்பது வயதில் விழும் இடிக்கு இருபது வயதிலேயே மேகம் திரள்கிறது என்பதை இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

குழாய் மெல்ல மெல்லக் குறுகும்போது பெரும்பாலும் வலி தெரிவதில்லை. மேடேறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு பிடிக்கும், நின்றால் சரியாகிவிடும். ஆனால் மாரடைப்பு என்பது திடீரென்று வருவது. கொழுப்பை மூடியிருந்த தழும்பு ஒருநாள் கிழிந்துவிடுகிறது. கிழிந்த இடத்தைக் காயம் என்று எண்ணி, இரத்தம் அங்கே உறைந்து அடைக்கப் பார்க்கிறது.

இதற்கும் உங்கள் தொழிலிலேயே சாட்சி இருக்கிறது. விடியலில் வெட்டிய மரத்தில் சில மணி நேரத்தில் பால் நின்றுவிடுகிறதல்லவா? மரத்தில் பால் தீர்ந்துவிட்டதாலன்று. வெட்டுவாயில் பால் தானே உறைந்து, பட்டையிலுள்ள நுண்குழாய்களின் வாயை அடைத்துக்கொள்வதால். மறுமுறை வெட்டும்போது நீங்கள் உரித்தெடுக்கும் கோட்டுப்பால் அதுதான். மரத்திற்கு அது பாதுகாப்பு. நம் விரலில் உளி பட்டு இரத்தம் கசிந்தால், உறைந்து நிற்பதும் பாதுகாப்பே. ஆனால் இருதயத்தின் சிறு குழாய்க்குள் இரத்தம் உறைந்தால், அதற்கு அப்பாலுள்ள தசைக்கு உணவு நின்றுபோகிறது. நிமிடத்திற்கு நிமிடம் தசை சாகத் தொடங்குகிறது. என் தந்தையாருக்கு அன்று நேர்ந்தது இதுவே.

ஒல்லியான உடலில் ஒளிந்திருக்கும் கொழுப்பு

இனி, துக்க வீட்டில் கேட்ட கேள்விக்கு வருவோம். உடம்பில் கொழுப்பில்லாத மனிதருக்கு இது எப்படி வந்தது?

2004ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து வெளிவரும் லான்செட் என்ற மருத்துவ ஏட்டில் ஒரு புகைப்படம் வெளியாயிற்று. அதில் இரண்டு டாக்டர்கள் நிற்கிறார்கள். ஒருவர் இலண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். மற்றவர் இந்தியாவின் பூனா நகரத்து சித்தரஞ்சன் யாக்னிக். உயரத்திற்கு ஏற்ற எடையைக் கணக்கிட்டால் இருவருக்கும் ஒரே எண் வந்தது, 22.3. இருவருமே பார்வைக்கு மெலிந்தவர்கள். ஆனால் உடலில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தபோது வெள்ளைக்காரருக்கு நூற்றுக்கு 9 பங்கும், இந்தியருக்கு நூற்றுக்கு 21 பங்கும் இருந்தது தெரிந்தது. அதே எடை; இரண்டு மடங்குக்கும் மேலான கொழுப்பு.

இதற்கு முன்பே, 1991ஆம் ஆண்டில், இலண்டனின் சவுத்தால் பகுதியில் வாழும் இந்திய வம்சாவளியினரை ஆராய்ந்தவர்கள், வெள்ளையரைவிட இவர்களுக்குக் கொழுப்பு இடுப்பைச் சுற்றி அதிகம் சேர்வதையும், இனிப்புநீர் பல மடங்கு மிகுதியாக இருப்பதையும் எடுத்துக் காட்டியிருந்தார்கள்.

என் தந்தையாரின் உருவத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். கைகால்கள் குச்சிபோல் இருக்கும். கைலிக்கு மேலே வயிறு மட்டும் சற்று முன்தள்ளி இருக்கும். அதை நாங்கள் 'சோற்றுத் தொந்தி' என்று கேலி செய்வோம். நம்மில் எத்தனையோ பேருக்கு அதே உடலமைப்பு.

தொடையிலும் புட்டத்திலும் தோலுக்கடியில் சேரும் கொழுப்பு பெரும்பாலும் அமைதியாக இருக்கிறது. வயிற்றுக்குள்ளே, குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு அப்படியன்று. அது கொழுப்பு அமிலங்களை ஓயாமல் வெளிவிடுகிறது. குடற்பகுதியின் இரத்தம் நேராகக் கல்லீரலுக்குச் செல்வதால், அந்தச் சுமை முழுவதும் கல்லீரலின் தலையில் விழுகிறது. கல்லீரல் அதை டிரைகிளிசரைடாக்கி இரத்தத்தில் தள்ளுகிறது, தன்னுள்ளும் சேர்த்துக்கொள்கிறது. நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைகிறது. எல்.டி.எல். துளிகள் சிறுத்துச் செறிந்து, குழாய்ச் சுவருக்குள் எளிதில் நுழைவனவாகின்றன. இன்சுலின் என்ற சுரப்பின் சொல்லை உடல் கேட்க மறுக்கிறது. அதன் முடிவு இனிப்புநீர். ஒரே வேர் என்று சொன்னேனே, அந்த வேர் பெரும்பாலும் இந்த வயிற்றுக் கொழுப்புதான்.

ஆகவே, தராசை மட்டும் நம்பாதீர்கள். தையல் நாடாவை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின், வயிற்றை உள்ளிழுக்காமல் அளந்து பாருங்கள். நம் போன்ற ஆசிய மக்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், அதாவது முப்பத்தைந்தரை அங்குலமும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. அதைத் தாண்டினால் அபாய விளக்கு எரிகிறது என்று பொருள். ஊருக்கு உபதேசம் செய்யும் எனக்கே இரண்டாண்டுகளுக்கு முன் 94 இருந்தது. சட்டை மறைத்ததை நாடா காட்டிக் கொடுத்துவிட்டது.

தாய்மார்கள் இது ஆண்களின் நோய் என்று எண்ணி அலட்சியமாக இருக்கக் கூடாது. மாதவிலக்கு நிற்கும்வரை பெண்ணுடலுக்கு இயற்கை ஓரளவு காவல் தருகிறது. அது நின்றபின் காவலும் குறைகிறது. இனிப்புநீர் வந்த பெண்ணுக்கு இளவயதிலேயே அக்காவல் பயன்படாமற் போகிறது.

மாறிய வாழ்க்கை, மாறாத தட்டு

நம் முன்னோர் இருட்டில் எழுந்து, பிரட்டுக்குப் போய், நிரை நிரையாக மேடும் பள்ளமும் ஏறியிறங்கி, பால் வாளியைத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடந்தவர்கள். அவர்களுடைய தட்டில் குவிந்த சோறு அந்த உழைப்பில் எரிந்துபோயிற்று. இன்றோ நிரைக்குப் போக மோட்டார் சைக்கிள் இருக்கிறது. பல தோட்டங்கள் செம்பனைக்கும், தொழிற்சாலைகளுக்கும், வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம் கொடுத்துவிட்டன. நம் பிள்ளைகள் பிறையிலும் பாயான் லெப்பாசிலும் இயந்திரத்தின் முன் எட்டு மணி, பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தோ நின்றோ வேலை செய்கிறார்கள். கால் நடை குறைந்தது. தட்டில் சோறு மட்டும் குறையவில்லை. மிஞ்சிய சோற்றையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றி வயிற்றில் சேமிக்கிறது. எண்ணெயே தொடாதவருக்கும் டிரைகிளிசரைடு ஏறுவது இதனால்தான்.

நான் உங்களைப் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. தோட்டத்து வருமானத்தில் செய்யக்கூடியவற்றை மட்டுமே சொல்கிறேன்.

முதலாவது, தட்டை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு சோறு. ஒரு பங்கு மீன், பருப்பு, கோழி போன்றவை. மற்ற இரண்டு பங்கும் கீரையும் காய்கறியும். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் முருங்கைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கெம்போங் மீனில் இருதயத்திற்கு நன்மை செய்யும் எண்ணெய்ச் சத்து இருக்கிறது. ஆனால் அதைப் பொரிக்காமல் குழம்பாக வையுங்கள்.

இரண்டாவது, கெட்டியான கொழுப்பைக் குறையுங்கள். நெய், வெண்ணெய், ஆட்டுக் கொழுப்பு, தேங்காய்ப்பால் ஆகியவற்றிலுள்ள செறிந்த கொழுப்புதான் முன்பு சொன்ன கல்லீரல் வாசல்களைக் குறைப்பது. தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கும், செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதியும் இவ்வகைக் கொழுப்பே. 'கொலஸ்டரால் இல்லை' என்று டின்னில் அச்சிட்டிருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்டரால் இருப்பதில்லை என்று சொல்லலாம். கொலஸ்டராலை ஏற்றும் கொழுப்பு இருக்கலாம். எந்த எண்ணெயானாலும் அளவைக் குறைப்பதே முதல் சிக்கனம். நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் நாள்தோறும் உண்ணும் உணவாக இல்லாமல், என்றோ ஒருநாள் உண்ணும் உணவாக இருக்கட்டும்.

மூன்றாவது, இனிப்பு. டின் பாலில் ஏறக்குறையப் பாதி சர்க்கரைதான். ஒரு நாளில் நான்கு குவளை தே தாரிக் குடிப்பவர் எவ்வளவு சர்க்கரை குடிக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். கடையில் 'சர்க்கரை குறைவு' என்று சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை.

நான்காவது, சிகரெட்டும் சம்சுவும். புகை குழாய்ச் சுவரைப் புண்ணாக்குகிறது. இரத்தத்தை எளிதில் உறையச் செய்கிறது. மது டிரைகிளிசரைடையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது. வீட்டுச் சோற்றுப் பானையையும் கவிழ்க்கிறது. இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாவது, நடை. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம், பேச முடிந்தாலும் பாட முடியாத வேகத்தில் நடங்கள். வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் கொழுப்பு நடைக்கு நன்றாகவே கரைகிறது. எடை அதிகம் இறங்காவிட்டாலும் சோர்ந்துவிடாதீர்கள். நாடாவின் கணக்கைப் பாருங்கள்.

சோதனையும் மாத்திரையும்

கொலஸ்டராலுக்கு வலியில்லை, அறிகுறியில்லை. இரத்தத்தைச் சோதித்தால் மட்டுமே தெரியும். மொத்தக் கொலஸ்டரால் 5.2 மில்லிமோலுக்குள் இருப்பது நன்று. டிரைகிளிசரைடு 1.7க்குக் கீழே இருக்க வேண்டும். எச்.டி.எல். ஆண்களுக்கு 1.0க்கும் பெண்களுக்கு 1.2க்கும் மேலே இருக்க வேண்டும். எல்.டி.எல். எவ்வளவு இருக்கலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இனிப்புநீரோ, முன்பு வந்த மாரடைப்போ உள்ளவருக்கு அது மற்றவர்களைவிட மிகக் குறைவாக இருக்க வேண்டும். அதை டாக்டரே சொல்லட்டும்.

அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. 2019ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பெக்கா பி40 திட்டத்தின்கீழ், அரசாங்க உதவித்தொகை பெறும் குறைந்த வருமானக் குடும்பத்தாரில் 40 வயதை எட்டியவர்கள் இலவசமாகவே சோதனை செய்துகொள்ளலாம். குடும்பத்தில் எவரேனும் இளவயதில் மாரடைப்பால் இறந்திருந்தால், நாற்பது வயதுவரை காத்திருக்க வேண்டாம்.

சிலருக்கு உணவும் நடையும் மட்டும் போதா. அவர்களுக்கு டாக்டர் ஸ்டாட்டின் என்ற வகை மாத்திரை கொடுப்பார். "இந்த மாத்திரை கல்லீரலைக் கெடுக்கும், இது வெள்ளைக்காரன் வியாபாரம்" என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. அதன் கதையைக் கேளுங்கள். அதைத் தேடிக் கண்டவர் அகிரா எண்டோ என்ற ஜப்பானியர். வடஜப்பானில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சோதித்து, 1973ஆம் ஆண்டில், அரிசியில் படிந்த ஒரு பூஞ்சணத்திலிருந்து அம்மருந்தின் முன்னோடியைப் பிரித்தெடுத்தார். கல்லீரல் தானே கொலஸ்டரால் செய்வதை அது தடுக்கிறது. உள்ளே பற்றாக்குறை ஏற்பட்டதும் கல்லீரல் தன் வாசல்களை அதிகமாகத் திறந்து, இரத்தத்திலிருக்கும் எல்.டி.எல். துளிகளை இழுத்துக்கொள்கிறது. எல்.டி.எல். ஒரு மில்லிமோல் குறைந்தால், மாரடைப்பு போன்ற பெரும் ஆபத்துகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவதைப் பல்லாயிரம் பேரிடம் நடந்த சோதனைகள் காட்டியுள்ளன. கல்லீரலுக்குக் கடும் கேடு நேர்வது மிக அரிது. தசைவலி போன்ற தொல்லை இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தையோ அளவையோ மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சோதனைத் தாளில் எண் இறங்கியது மாத்திரையால்தான். அதை விட்டால் எண் மறுபடியும் ஏறும்.

வாயு என்று சொல்லாதீர்கள்

முடிவாக, இந்தப் பேச்சில் மற்றவை அனைத்தும் மறந்துபோனாலும் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சின் நடுவே பாரம் வைத்தது போன்ற அழுத்தம், அது இடத்தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல் இவை மாரடைப்பின் அடையாளங்கள். இனிப்புநீர் உள்ளவருக்கும் பெண்களுக்கும் வலி மிகாமல், வெறும் களைப்பாகவும் மூச்சுமுட்டலாகவும் வரலாம். அப்போது கஷாயம் வைத்து நேரத்தைக் கடத்தாதீர்கள். எண்ணெய் தேய்த்துப் படுக்க வைக்காதீர்கள். மோட்டார் சைக்கிளில் தனியே போகவும் விடாதீர்கள். உடனே 999 எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள். அடைப்பைக் கரைக்க மருந்து இருக்கிறது. குழாயைத் திறக்கும் சிகிச்சையும் இருக்கிறது. அவற்றின் பலன் எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்கிறோம் என்பதையே பொறுத்தது. வாயுவாகவே இருந்துவிட்டால் நட்டம் ஒன்றுமில்லை. சிரித்துக்கொண்டே வீடு திரும்பலாம்.

என் அம்மா இன்றும் அந்தக் கஷாயத்தைப் பற்றிப் பேசி வருந்துவதுண்டு. "தெரியாமல் போயிற்றே" என்பார். அது அவருடைய குற்றமன்று. அவருக்கு அன்று எவரும் சொல்லித்தரவில்லை. ஆனால் இன்று இந்த மண்டபத்தைவிட்டுப் போகும் எவரும் 'தெரியாமல் போயிற்றே' என்று சொல்ல இடமில்லை. கேட்டதை லயத்தில் இருப்போருக்கும், வேலைக்காக வெளியூர் போயிருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். இன்றிரவே தையல் பெட்டியிலிருந்து நாடாவை எடுத்து, வீட்டில் உள்ள எல்லாருடைய இடுப்பையும் அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். சிகிச்சை அங்கிருந்தே தொடங்குகிறது.